தாழ்ந்த பங்குகளைத் தள்ளிவிடலாமா?

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளே முதலில் என் நினைவுக்கு வந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் தம் கடற்படைக்காக அமைத்தவை அவை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானியர் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்தழிந்தது. இன்று எஞ்சியுள்ளவை 99. கடற்படை போனபின் பெரும்பாலானவை காடு மண்டிக் கிடந்தன. துருப்பிடித்த இரும்பென்றே நாமும் கருதினோம். ஆனால் 2022 ஜனவரியில் இரு நாடுகள் அவற்றுக்காக உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61 தாங்கிகள் ஒதுக்கப்பட்டன.

அந்த லங்கா ஐ.ஓ.சி.யின் பங்கு 2004இல் 27 ரூபா வீதம் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. 2020இலும் அதன் விலை அதற்குக் கீழேயே கிடந்தது. எரிபொருள் விலையை உயர்த்த அரசு இடங்கொடாமையால் நட்டங் கண்ட ஆண்டுகளும் உண்டு. 2022இல் நாடெங்கும் எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலத்தில் அதே பங்கு 200 ரூபாவைக் கடந்தது. அப்பொழுது ஓடிச்சென்று வாங்கியோர் பலர். பின்னர் விலை வெகுவாக இறங்கிற்று. மலிவாயிருந்தபோது அஞ்சிய மனமே உச்ச விலையில் துணிந்தது! நேற்று நடந்ததே நாளையும் நடக்கும் என்று நம்புவதால் வரும் கோளாறு இது.

இக்கோளாறு நமக்கு மட்டும் உரியதன்று. டி பொண்ட், தேலர் என்னும் இரு அறிஞர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கச் சந்தையில் மிகவும் தாழ்ந்த பங்குகளின் தொகுதி, அடுத்த மூன்றாண்டுகளில், முன்பு உயர்ந்து நின்றவற்றை விஞ்சியதைக் காட்டினர்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் இந்நாட்டுக்கு 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்தனர். 2019இன் குண்டுவெடிப்புகளும் கொரோனாவும் வந்தபின், 2021இல் வந்தோர் 2 இலட்சத்துக்கும் குறைவு. என்னிடமிருந்த ஹோட்டற் பங்குகளை அவ்வாண்டில் நட்டத்துக்கு விற்றேன். நிலாவெளிக் கடல் எங்கும் போய்விடவில்லை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. 2024இல் வந்தோர் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டிற்று.

ஆகவே தாழ்ந்ததையெல்லாம் வாங்குங்கள் என்கிறேனா? இல்லை. எழாமலே அழிந்த நிறுவனங்களும் பல. விலையைப் பார்க்குமுன் ஐந்தொகையைப் படியுங்கள். மூன்று கேள்விகளுக்கு விடையை எழுதுங்கள். விலை இறங்கியது துறை முழுவதற்கும் வந்த இடராலா, நிர்வாகத்தின் குற்றத்தாலா? இடர் தீரும்வரை கடனைத் தாங்க அதனால் இயலுமா? அதன் பொருளுக்கு நாளையும் தேவை இருக்குமா? விடை எழுத முடியாத பங்கை விட்டுவிடுங்கள். கடன் வாங்கி முதலிடாதீர்கள். சேமிப்பு முழுவதையும் ஒரே பங்கில் போடாதீர்கள்.

இளைஞர்களே, உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவது சிறுதொகை. அதை அச்சத்திடமும் ஆசையிடமும் ஒப்படையாதீர்கள். சீனக்குடா வழியே செல்லும்போது அத்தாங்கிகளை ஒருமுறை நின்று பாருங்கள்.