தொட்டியில் மிளகாய்ச் செடி

பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்து ஆண்டுகள் பல கழிந்தாலும், நம்முடைய நாக்கு இன்னும் ஊரிலேயேதான் குடியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அன்னையார், இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் வற்றல் சிலவற்றைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. அதன் விதைகளைப் பிப்ரவரி இறுதியில் அரை அங்குல ஆழத்திற்கு மேற்படாமல் ஊன்றினோம். பத்து நாளில் முளை கண்டது. நாற்பதாம் நாள், ஏழு நாற்றுகளையும் தனித்தனித் தொட்டிகளில் நட்டு, அவற்றுள் ஆறினை மேல்மாடத்தில் வரிசையாக வைத்தோம். இடம் போதாமையால் ஏழாவது தொட்டி மாடிப்படியின் ஓரத்திற்குச் சென்றது.

மே மாதத்தில் 'லூ' என்னும் அனற்காற்று வீசத் தொடங்கியது. நண்பகலில் இலைகள் துவண்டன. மனம் பொறாமல் காலை, பகல், மாலை என மூவேளையும் நீர் வார்த்தோம். இரண்டு வாரத்தில் ஆறு செடிகளும் மாண்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. எங்கள் கவனத்திற்குத் தப்பிய படியோரத்துச் செடி மட்டும் உயிருடன் நின்றது. செய்தி கேட்ட அன்னையார், "தண்ணீர் ஊற்றத் தெரிந்தால் போதுமா? ஊற்றாமல் இருக்கவும் தெரியவேண்டாமா?" என்றார்கள்.

பகலில் துவண்டு மாலையில் நிமிரும் செடிக்கு நோயில்லை. மண் ஈரமாயிருந்தும் மாலையில் நிமிராத செடிக்கோ வேரில் கேடு உண்டு. ஆதலின் ஓரங்குல ஆழம் விரலை விட்டுப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டும் நீர் வார்த்தல் வேண்டும். தொட்டி பன்னிரண்டு அங்குல அகலமும், அடியில் துளையும் உடையதாய் இருத்தல் நலம். தோட்டமண் இரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு போதும். நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் தேவை. கடுங்கோடையில் மட்டும் பிற்பகல் நிழல் தருக. வெப்பம் 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்டால் பூக்கள் உதிரும். அது கண்டு அஞ்சி உரத்தைக் கொட்டலாகாது; வெப்பம் தணிந்தால் மீண்டும் காய் பிடிக்கும்.

இலைகள் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனையும் ஐயுறுக. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். இலைகள் சிறுத்துச் சுருங்கிச் செடியே குன்றிவிடின், அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, அச்செடியைக் களைந்தால்தான் ஏனையவை பிழைக்கும்.

மழை தணிந்தபின் எங்கள் ஒற்றைச் செடி காய்த்தது. நன்கு பழுத்த நான்கு பழங்களைப் பறிக்காமல் செடியிலேயே விட்டு, பின்னர் நிழலில் உலர்த்தி விதை எடுத்தோம். சனவரிக் குளிரில் இரவுதோறும் அதனை வீட்டினுள் கொண்டுவந்து காத்தோம்.

அன்னையார் இன்று இல்லை. அவ்விதையின் வழிவந்த செடிகள் எங்கள் மாடத்தில் இன்றும் காய்க்கின்றன. அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையாரும் நாற்று இரண்டு பெற்றுச் சென்றார். நாங்கள் கொடுத்தனுப்பிய முதல் அறிவுரை, நீரைக் குறைத்து வார்க்க வேண்டும் என்பதே.