சவரக் கத்தியைக் கீழே வைத்த தொழிலாளி

(கோட்டைப்பட்டினத்தில் மீன்பிடித் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



"படகைக் கட்டிப் போட்டால் யாருக்கு நஷ்டம்? நமக்குத்தானே?" என்று இந்தக் கரையில் பலர் நம்மைக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கோழைகள் அல்ல. 2021 அக்டோபரில் இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி இவ்வூர்ப் படகு மூழ்கியது. ஓர் இளைஞர் மாண்டார். அன்று "கடலுக்குப் போக மாட்டோம்" என்று படகுகளைக் கட்டியவர்கள் இதே மக்கள்தான். ஆகவே, "வீரமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவதற்கு நாம் வரவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. அதற்குக் கணக்குப் பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

புதுக்கோட்டை ஜில்லா 1974-ல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் இந்தக் கரை தஞ்சை ஜில்லாவில் இருந்தது. இதே கரையில் வடகிழக்கே போனால் வேதாரண்யம். 1930-ல் அங்கே என்ன நடந்தது?

ஏப்ரல் 13-ந் தேதி ராஜகோபாலாச்சாரியார் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு உப்புக் காய்ச்சப் புறப்பட்டார். தஞ்சைக் கலெக்டர் தார்ன் துரை ஓர் உத்தரவு போட்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும், படுக்க இடம் கொடுத்தாலும் தண்டனை! ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தை எந்தச் சட்டப்படி கைது செய்வது?

தொண்டர்கள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். ஏப்ரல் 30-ந் தேதி உப்புச் சட்டம் மீறப்பட்டது. தடியடி, கைது எல்லாம் நடந்தன. போலீஸ் பட்டாளம் ஊரிலே முகாம் போட்டது. அப்போது ஊரார் ஒரு முடிவு செய்தார்கள்: போலீசுக்கு எந்த வேலையும் செய்வதில்லை. முடி திருத்தும் தொழிலாளி வைரப்பனும் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டவர். ஒரு நாள் சாதாரண உடையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாதிச் சவரம் ஆகும்போதுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. வைரப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதிப் பாதியை மழிக்கச் சொல்லி மிரட்டினார்கள், அசையவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். வேலையை முடித்துக்கொடு என்று அவரும் சொன்னார். வேண்டுமானால் தாங்களே செய்துகொள்ளுங்கள் என்று வைரப்பன் தமது பெட்டியையே நீட்டினாராம். வேதாரண்யத்தில் இன்றும் இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தது சிறைவாசம். அதை மறக்கக்கூடாது.

துப்பாக்கி வைத்திருந்த சாம்ராஜ்யம் ஒரு சவரக் கத்தியிடம் ஏன் திணறியது? தன் தாடியைக்கூட அடுத்தவன் உழைப்பால் மழித்துக்கொண்ட ஆட்சி அது! இதிலே ஒரு விஷயம் கவனியுங்கள். வைரப்பன் நிறுத்தியது போலீசுக்கு அன்றாடம் வேண்டியிருந்த வேலை. ஊரில் வேறொருவர் அந்த வேலையைச் செய்திருந்தால் வைரப்பன் மட்டும் சிறைக்குப் போயிருப்பார். போலீஸ்காரர் வழவழவென்று முகத்தோடு போயிருப்பார்.

அயர்லாந்து விவசாயிகளும் 1880-ல் இதைக் கண்டார்கள். பாய்காட் என்ற ஜமீன் ஏஜெண்டுக்கு அறுக்க ஆள் இல்லை, சமைக்க ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை. வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கொண்டுவந்து, அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் போலீசையும் சிப்பாய்களையும் நிறுத்தி அறுத்தார்கள். விளைச்சலின் மதிப்பைப்போலப் பல மடங்கு செலவு! அந்த வருஷம் டிசம்பரில் பாய்காட் நாட்டைவிட்டே போனார். பகிஷ்காரத்துக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கும் பெயர் அவர் பெயர்தான்.

கீழத்தஞ்சைக்கு வருவோம். சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணையாளுக்குக் கூலியோடு சேர்ந்த பொருள்களாக இருந்த காலம். தனி ஒருவன் மறுத்தால் கட்டிவைத்து அடித்தார்கள். 1943 முதல் தோழர் பி. சீனிவாசராவும் மற்றத் தோழர்களும் சேரி சேரியாகச் சங்கம் கட்டினார்கள். சேரி முழுவதும் ஒரே நாளில் "மாட்டோம்" என்றது. அடிக்க மிராசுதாருக்குக் கை போதவில்லை. முற்றிய கதிரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1952-ல் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. சாகுபடியாளனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. பண்ணையாளை நினைத்தபடி விரட்டக்கூடாது என்றது. அதைப் பிறப்பித்த முதல் மந்திரி யார்? அதே ஆச்சாரியார்! கம்யூனிஸ்டுகளே தமக்கு முதல் எதிரி என்று அதே வருஷம் முழங்கியவர். அன்பினாலா கொடுத்தார்?

இப்போது நம் படகுக்கு வருவோம். டெல்லிக்காரர் சாப்பாட்டில் கோட்டைப்பட்டினத்து மீன் இல்லாவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் சர்க்காரே படகைக் கட்டச் சொல்கிறது. அப்போது நாம் கட்டி என்ன பயன்? இங்கே கட்டிய நாளில் ஜகதாப்பட்டினமும் ராமேஸ்வரமும் கடலுக்குப் போனால், அங்கே விலை கூடும், அவ்வளவுதான். இறாலை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவருக்குச் சரக்கு எங்கும் கிடைக்காமல் இருக்கவேண்டும். ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், லாரியில் ஏற்றுகிறவர் எல்லோரும் கைகட்டி நிற்கவேண்டும். அப்போது கம்பெனிக்காரரே மந்திரி வீட்டுக்கு ஓடுவார்; நாம் மனு எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று, கசப்பானது. படகு நின்றால் உரிமையாளர் ஒரு மாதம் தாங்குவார். பங்குக்குப் போகிற தொழிலாளி வீட்டில் மூன்றாம் நாளே அடுப்பு அணையும். நான்காம் நாள் இரவில் அவர் ரகசியமாகக் கடலுக்குப் போனால் அவரைத் துரோகி என்று ஏசுகிறோம். அவர் வீட்டுக்கு அரிசி அனுப்பாத நாம் யார் ஏச? போராட்டத்தை அறிவிக்கும் முன்பே அரிசி சேர்க்கவேண்டும் என்று நாம் பல வருஷமாகச் சொல்லி வருகிறோம். கை தட்டுகிறார்கள், கலைந்து போகிறார்கள். பிழை நம்முடையதும்தான், சொன்னோமே தவிர வீடு வீடாகப் போகவில்லை.

அக்கரைத் தமிழ் மீனவரையும் மறக்கவேண்டாம். இழுவைமடியால் தன் வலை அறுகிறது என்று அவரும் 2021 அக்டோபரிலேயே படகேறிப் போராடினார். நம் மறுப்பு அவர் வயிற்றில் அடிப்பதாக இருக்கக்கூடாது. அவரோடு உட்கார்ந்து பேசுவதும் நம் கோரிக்கையில் சேரவேண்டும்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து விவசாயத் தொழிலாளித் தோழர்கள் வந்திருக்கிறீர்கள். அறுவடைக் கூலியில் வீட்டுக்கு ஒரு படி நெல் எடுத்துவைக்க முடியுமா? நீங்கள் அறுக்க மறுக்கும் நாளில் இங்கிருந்து கருவாடு வரும். இதற்குப் பத்துப் பேர் கொண்ட கமிட்டி வேண்டும். அதில் நாலு பேராவது பெண்களாக இருக்கட்டும், அடுப்பின் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். மேடைக்குப் பின்னால் நோட்டோடு தோழர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.