பாட்டும் பூட்டும்



கடையில் ஒரு நூலை விலை கொடுத்து வாங்குகிறோம். அதனை இன்ன விளக்கின் ஒளியில்தான் படிக்க வேண்டும் என்று விற்றவர் விதிப்பதில்லை. ஆனால், பாட்டை வாங்கியவர்க்கு அத்தகைய விதி ஒன்று இருந்தது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டில், சட்டைப்பையில் அடங்கும் ஐபாட் என்னும் இசைக்கருவியை வெளியிட்டது; 2003இல் இணையத்தில் இசைக்கடை ஒன்றையும் திறந்தது. ஒரு பாட்டின் விலை 99 சென்ட். திருட்டுப் படிகள் பெருகுமென்று இசைத்தட்டு நிறுவனங்கள் அஞ்சின. ஆகவே, ஒவ்வொரு பாட்டும் ஃபேர்பிளே என்னும் மின்பூட்டுடன் விற்கப்பட்டது. ஆப்பிள் இசைந்த கருவிகளிலன்றி அது திறவாது. நூறு பாட்டு வாங்கியவர் வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாறினால், அந்த நூறும் அவருடன் வாரா. குறுந்தட்டில் பதிந்து மீண்டும் கணினிக்கு மாற்றலாம்; ஆனால் ஒலியின் தரம் குன்றும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கதை இன்னும் விந்தையானது. பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் பொதுவாக, 'உறுதியாக இசைக்கும்' என்று பொருள்படும் முத்திரை ஒன்றை 2004இல் அது வழங்கியது. 2006இல் தானே வெளியிட்ட சூன் என்னும் கருவியில் அம்முத்திரைப் பாட்டுகள் இசைக்கவில்லை! அவ்வாண்டே தன் எம்எஸ்என் இசைக்கடையின் விற்பனையையும் நிறுத்தியது. பாட்டுக்குத் திறவுகோல் வழங்கும் பணியும் நின்றுவிடும் என்று 2008இல் அறிவித்தது. அது நின்றபின் புதுக் கணினி வாங்கினால், பழைய பாட்டுகள் அதில் ஊமையாகிவிடும். கண்டனம் எழவே, 2011 இறுதிவரை தவணை தந்தது.

இப்பூட்டு திருடனைத் தடுத்ததா? அதே நிறுவனங்கள் அதே பாட்டுகளைக் குறுந்தட்டுகளில் பூட்டின்றி விற்றன என்பதை, ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே 2007இல் ஒரு திறந்த மடலில் சுட்டிக்காட்டினார். திருடன் திறந்த வாயில் வழியே சென்றான். நேர்மையாக வாங்கியவரே பூட்டின்முன் நின்றார். 2009இல் ஆப்பிள் தன் பாட்டுகளின் பூட்டை நீக்கியது. ஆயினும், முன்பு வாங்கிய பாட்டைத் திறந்துகொள்ள, பாட்டுக்கு 30 சென்ட் மேலும் தர வேண்டியிருந்தது.

இன்று பலர் மாதக் கட்டணம் செலுத்தி இசை கேட்கின்றனர். கட்டணம் நின்றால், இறக்கி வைத்த பாட்டும் நின்றுவிடும். வாடகையை வாடகையென்று அறிந்து கொடுப்பதில் தவறில்லை. வாடகையை உடைமையென்று எண்ணி ஏமாறுவதே தவறு. ஆதலின், பாட்டாயினும் நூலாயினும், பணம் தருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நான் பெறுவது பொருளா, பிறர் தரும் இசைவா?'