பச்சைப் பாம்பும் பழைய பயமும்



பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்யும் நீங்கள், வேலியில் கொடிபோல் தொங்கும் மெல்லிய பச்சைப் பாம்பைப் பார்த்திருப்பீர்கள். கண்டதும் "கண்ணைக் கொத்திவிடும்!" என்று கூவித் தடியைத் தேடுகிறோம். இது நம் முன்னோர் கப்பலேறியபோது கூடவே வந்த பயம். தமிழில் 'கண்கொத்திப் பாம்பு' என்கிறோம். சிங்களத்தில் 'அகெட்டுல்லா' என்பதற்கும் அதுவே பொருள். இன்று இவ்வினத்தின் அறிவியல் பெயரும் அதுதான்.

உண்மை என்ன? விரல் பருமனே உள்ள இப்பாம்பு ஏறத்தாழ 6 அடி வரை வளரும். முகம் கூர்மையானது. கண்ணின் பாவை படுக்கைவாட்டில், சாவித் துவாரம்போல் இருக்கும். இரு கண்களாலும் நேராக முன்னே பார்த்து இரையின் தூரத்தை அளக்கும். அதனால்தான் நம்மை முறைப்பதுபோல் தோன்றுகிறது. அது தேடுவது ஓணானையும் தவளையையும்தான். நம் கண்ணை அன்று. அதன் பின்பற்களில் உள்ள சிறிதளவு விஷம் நமக்கு வலியும் வீக்கமும் தரலாம், உயிரை வாங்குவதில்லை.

கொம்பேறி மூக்கன், கடித்தவரின் சிதைப்புகையை மரமேறிப் பார்க்கும் என்பார்கள். அதற்கு விஷமே இல்லை. மரம் அதன் வீடு, அதனால் ஏறுகிறது.

ஆனால் பச்சையெல்லாம் சாதுவன்று. பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளைகளில் அசையாது கிடப்பது குழிவிரியன். தலை முக்கோணம், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி. அதன் விஷம் ஆபத்தானது. அதன் குட்டியும் ஆணும் மெலிந்து பச்சையாகவே இருக்கும். ஆகவே அடையாளம் பார்க்கக் கிட்டே போகாதீர்கள். விலகி நில்லுங்கள், அது தானே போய்விடும். அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் பலர்.

இன்னொன்றும் கவனியுங்கள். பச்சைப் பாம்பு கடித்தவர் மந்திரித்தபின் பிழைத்தால், மந்திரம் பலித்தது என்கிறோம். மந்திரிக்காவிட்டாலும் அவர் பிழைத்திருப்பார். அந்த நம்பிக்கையில் நாகமோ விரியனோ கடித்தவரையும் மந்திரிக்கக் கொண்டுபோனால், மருத்துவமனைக்குப் போகவேண்டிய நேரம் வீணாகிறது. அங்கேதான் உயிர் போகிறது.

எந்தப் பாம்பு கடித்தாலும் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 999-ஐ அழையுங்கள். அல்லது அரசாங்க மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். பாம்பின் நிறத்தையும் தலையையும் நினைவில் வைத்து டாக்டரிடம் சொன்னால் போதும்; பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பாம்பைப்பற்றிப் பயத்தைச் சொல்லாதீர்கள், பக்குவத்தைச் சொல்லுங்கள்.