இரு நகரங்களில் நிற்கும் ஒரு கூட்டம்

சைப்ரஸ் தீவின் வடமேற்குக் கரையை ஒட்டி அயியா இரினி என்றொரு சிற்றூர் உள்ளது. 1929-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பாதிரியார், மண்ணுள் கிடைத்த சுடுமண் சிலைத் துண்டொன்றை நிக்கோசியா அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவந்தார். ஐனார் யெர்ஸ்டாட் தலைமையில் தீவில் ஆய்வு நடத்திவந்த சுவீடன் நாட்டுக் குழுவினர் அங்கே அகழ்ந்தனர். பலிபீடம் ஒன்றை அரைவட்டமாகச் சூழ்ந்து ஏறக்குறைய 2,000 சுடுமண் உருவங்கள் நின்றிருந்தன. சிறியவை முன்னே, ஆள் உயரத்தவை பின்னே. கூர்முடி அணிந்த வீரர், தேர்கள், காளைகள் எனப் பலவகை. பெண்ணுருவம் மிக அரிது.

கி.மு. 7, 6-ஆம் நூற்றாண்டுகளில் வழிபட வந்தோர் இவற்றை வைத்துச் சென்றனர். தாம் வீடு திரும்பிய பின்னும் தமக்காகத் தெய்வத்தின் முன் நிற்கவே வைத்தனர் என்பது அறிஞர் கருத்து. வெள்ளம் கொணர்ந்த மணல் மூடியமையால் அவை நின்ற நிலையிலேயே காக்கப்பட்டன.

பின்னர், அக்கால ஆட்சியின் இசைவுடன் கண்டெடுத்தவை பங்கிடப்பட்டன. ஒரு பகுதி ஸ்டாக்ஹோம் சென்றது. மற்றது நிக்கோசியாவில் தங்கியது. ஈரிடத்தும் பழைய அடுக்குமுறையிலேயே காட்சிக்கு வைத்துள்ளனர். ஆயினும், தனியுருவின் அழகைக் காண ஓரிடம் போதும். கூடிநின்றதன் பொருளை உணர இரண்டும் வேண்டும். ஊரும் உறவும் பிரிந்து வாழ்வோர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?