கெடாத தேனும் குணம் குறையும்

(மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இரண்டு ரமளானுக்கு முன் நன்கொடையாக வந்த தேன் பாட்டில்கள் சில நம் அலுவலகத்தில் மிச்சம் இருக்கின்றன. தகரக் கூரை அறையில் இரண்டு கோடையைத் தாண்டியவை. "தேன்தான் கெடாதே, நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்துவிடலாமே" என்று சில சகோதரர்கள் கேட்டார்கள். அதற்கான பதிலை இன்று சொல்கிறேன்.

தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாக சூரத்துந் நஹ்லில் அல்லாஹ் அறிவிக்கிறான். அந்த நிஃமத்தைப் பேணுவது நம் பொறுப்பு.

நல்ல தேன் எளிதில் கெடாது என்பது உண்மைதான். அதில் சர்க்கரை மிகுதி. தண்ணீர் 20 சதவீதத்துக்குள். புளிப்புத் தன்மையும் உண்டு. அதனால் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் கெடாமல் இருப்பது வேறு, குணம் குறையாமல் இருப்பது வேறு. தேனில் உள்ள டயஸ்டேஸ் என்ற நொதி 20 டிகிரி செல்சியஸில் பாதியாகக் குறைய சுமார் நான்கு ஆண்டுகள் ஆகும். 30 டிகிரியில் சுமார் 200 நாட்கள். 40 டிகிரியில் ஒரே மாதம். நம் ஊர்க் கோடையை நினைத்துப் பாருங்கள்! கிருமிகளை எதிர்க்க உதவும் இன்னொரு நொதியும் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் குறைகிறது. நிறம் கறுக்கிறது, வாசம் போகிறது, எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடுகிறது. ஒரு கிலோ தேனில் இது 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

உம்ரா சென்று வந்தவர்கள் தந்த தேனை "அவசரத்துக்கு உதவும்" என்று ஷோகேஸில் வருடக்கணக்கில் வைத்திருக்கிறோம். எடுத்துப் பயன்படுத்துங்கள். அடுப்படியிலும் வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள். ஈரக் கரண்டி கூடாது; மூடி இறுக்கமாக இருக்கட்டும். தேன் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் நுரைத்துப் புளிக்கும். உறைந்த தேன் கெட்டதல்ல. காய்ச்ச வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்.

தாய்மார்களே, ஒன்றை மறவாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்காதீர்கள். பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். எத்தனை நாள் வைத்தாலும் அவை சாவதில்லை. புதுத் தேனோ பழைய தேனோ, குழந்தைக்குக் கூடாது.

இனி அந்த பாட்டில்கள். தேதி தாண்டியவற்றை யாருக்கும் கொடுக்க மாட்டோம். தேதி இருப்பவற்றை இனிப்பாகப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுப்போம். மருந்தென்று சொல்ல மாட்டோம். நம் வீட்டு நோயாளிக்குக் கொடுக்கத் தயங்குவதை ஏழை வீட்டுக்கு அனுப்புவது ஸதக்காவுக்கு அழகல்ல. இனி தேன் தர நினைப்பவர்கள் சிறு பாட்டில்களாக, புதிதாக அடைத்ததைத் தாருங்கள். வந்த மாதமே உரியவர்களிடம் சேர்ப்பது எங்கள் அமானத்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.