தம்பி, அண்ணை, ஐயா

மனிதனுடைய பருவங்களுக்குப் பெயரிடுவதில் நம் முன்னோர் சிக்கனம் பார்த்தவர்களல்லர். குழந்தைப் பருவத்தை மட்டுமே பத்துக் கூறாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். பெண்களுக்குப் பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவம் வகுத்தார்கள். பேதைக்கு வயது 5 முதல் 7 வரை. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரை. அத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நாற்பதுக்கு அப்பால் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. ஆண்மகனின் கதி இன்னும் மோசம். பாட்டியல் நூலார் அவனைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று உற்சாகமாக ஏற்றிக்கொண்டு போய், 30 வயது கடந்ததும் முதுமகன் என்று சொல்லி இறக்கிவிடுகிறார்கள். இளமைக்கும் முதுமைக்கும் இடையிலே சற்று இருந்து இளைப்பாற ஒரு திண்ணைதானும் இல்லை.

நேயர்களே, பெயரில்லாத அந்தத் திண்ணையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நடுவயது என்று நாம் இப்பொழுது வழங்கும் சொல் ஓர் அளவைக் குறிக்கிறதேயன்றி ஆளைக் குறிப்பதாயில்லை. காளை என்றால் ஓர் உருவம் கண்முன் வருகிறது. நடுவயதினர் என்றால் ஒரு வரிசையில் நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார்.

முன்னோர் இப்பருவத்தைப் பொருட்படுத்தாமைக்கு நியாயம் இருந்திருக்கலாம். இலங்கையிலே 1946ஆம் ஆண்டளவிற்கூட, பிறக்கும் குழந்தையொன்றின் சராசரி ஆயுள் 40 ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்டதாகத்தான் கணிக்கப்பட்டது. இதைக் கொண்டு அக்காலத்தவர் யாவரும் நாற்பத்திரண்டில் கண்மூடினர் என்று எண்ணிவிடலாகாது. தொட்டிலிலே மடிந்த குழந்தைகளும், பிரசவத்திலே மாண்ட தாய்மாரும், மலேரியாவுக்குப் பலியானவர்களும் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் தொண்ணூறு வரையும் பனையேறி வாழ்ந்ததுண்டு. எனினும், இன்று அக்கணக்கு 75ஐக் கடந்து நிற்கிறது. அதனாலே நமக்கு ஒரு புதுமை நேர்ந்திருக்கிறது. ஐம்பது வயதிலே ஒருவர் தந்தையாகவும் இருக்கிறார். அதே வேளையில் மகனாகவும் இருக்கிறார். இரண்டு உத்தியோகத்தையும் ஒரே சம்பளத்தில் பார்க்கிறார்.

இப்பருவம் வந்துவிட்டதென்பதை அறியப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்திலே ஒருமுறை சந்தைக்குப் போய்வந்தாற் போதும். மீன் விற்கும் அம்மையார் நெடுங்காலம் நம்மைத் "தம்பி, வாங்கோ" என்று அழைப்பார். சில ஆண்டு சென்றபின் அண்ணை ஆவோம். பின்னர் ஒருநாள், மழையுமில்லை, இடியுமில்லை, "ஐயா, உடன்மீன் கிடக்கு" என்பார். இந்தப் பதவி உயர்வுக்கு முன்னறிவித்தல் கிடையாது, மேன்முறையீடும் கிடையாது. இப்பொழுது பேருந்திலே ஏறினால் "அங்கிள், இதிலை இருங்கோ" என்று எழுந்து இடம் தரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்று ஏசவும் முடியாது. மரியாதைதானே வந்து நெஞ்சிற் குத்துகிறது!

என் நண்பர் ஒருவர் இதைப் பொறாது தலைக்கு மை பூசிக்கொண்டு அதே சந்தைக்குப் போனார். அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயா, கறுப்பு நல்லாய் ஒட்டியிருக்கு" என்றாராம்.

சந்தைக்கு அடுத்தபடியாகச் செய்தி சொல்வது கண். வெள்ளெழுத்து என்று நாம் சொல்வதைச் சாளேசரம் என்று சொல்லும் வழக்கும் தமிழில் உண்டு. அச்சொல்லுக்குள்ளே வயது ஒளிந்திருக்கிறது. இந்துஸ்தானியிலே சாலீஸ் என்றால் நாற்பது. கண்ணினுள்ளே இருக்கும் வில்லை இளமையிலே நெகிழ்ச்சியாக இருந்து, கிட்டத்திலுள்ள பொருளைப் பார்க்கும்போது தன்னைத் தடிப்பாக்கிக் கொள்ளும். ஆண்டு செல்லச் செல்ல அது இறுகிவிடுகிறது. சிறுவன் ஒரு சாணுக்குள்ளே பிடித்து வாசிக்கும் புத்தகத்தை நாம் ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறோம். கையின் நீளம் போதாமற் போகும் நாளில் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். இது நோயன்று, வாழ்ந்தவர் எல்லாருக்கும் வருவது. ஆனால் மருந்துச் சீட்டை மூக்குக்கு நேரே பிடித்து, பின் தள்ளி, பின் வெளிச்சத்துக்குத் திருப்பி, இறுதியில் மகளிடமே கொடுத்து வாசிப்பிக்கும் தந்தையைப் பார்க்குமிடத்து, அவர் யாருக்கோ இரகசியமாகச் சைகை காட்டுகிறார் என்றே தோன்றும்.

நாற்பது வயதில் நாய்க்குணம் என்னும் பழமொழியையும் சொல்லவேண்டும். சித்த வைத்திய மரபிலே ஆயுளை மூன்று பங்காக்கி, முதற்பங்கை வாதத்துக்கும், நடுப்பங்கைப் பித்தத்துக்கும், கடைப்பங்கைக் கபத்துக்கும் உரியதாகக் கூறுவர். நடுவயது பித்தகாலம் என்றால் குரைப்பதற்கு ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. எனினும் பித்தத்தை மட்டும் குறைசொல்வது முறையன்று. ஒரு பக்கத்தில் மகனின் தனியார் வகுப்புக் கட்டணம், மறுபக்கத்தில் தாயாரின் வைத்தியசாலைத் தவணை, நடுவிலே கூரைக்கு ஓடு மாற்றவேண்டிய மாரிகாலம். இந்நிலையில் நிற்கும் எந்த விலங்கும் சிறிது குரைக்கத்தான் செய்யும்.

பெண்களின் பாடு வேறு. ஏறக்குறைய 45க்கும் 55க்கும் இடையே மாதவிடாய் நிற்கும் காலத்திலே உடல் திடீரென எரிகிறது, நித்திரை கெடுகிறது, காரணமின்றி மனம் சோர்கிறது. மார்கழிப் பனியிலே நடுச்சாமத்தில் யன்னலைத் திறந்துவிட்டு நிற்கும் மனைவியைக் கணவன் போர்வைக்குள்ளிருந்து, "உனக்கென்ன பைத்தியமோ?" என்று கேட்கிறான். தலையிடிக்குக் கைமருந்து சொல்ல ஊரெல்லாம் ஆளிருக்கும் நாட்டிலே, இதைப்பற்றி வாய்திறந்து பேச ஒருவருமில்லை. பேரிளம்பெண்ணோடு கணக்கை முடித்த புலவர்களைப்போலவே நாமும் நடந்துகொள்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்கள் தம் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதிற் பாதியாவது மனைவியின் நித்திரையைப் பற்றிக் கேட்கலாம்.

வயிறு பருப்பதற்கு வயதே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தோம். 2021ஆம் ஆண்டிலே வெளிவந்த பெரியதோர் ஆய்வு அந்தச் சாக்கையும் பறித்துவிட்டது. பல நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை அளந்து பார்த்ததில், உடலின் பருமனைக் கணக்கிற் கொண்டால், 20 வயது முதல் 60 வரையும் உடல் செலவிடும் சக்தி ஏறக்குறைய மாறுவதேயில்லையாம். அப்படியாயின் எது மாறியது? சைக்கிள் மோட்டார்ச் சைக்கிள் ஆகியது. சோறு மட்டும் சைக்கிள் காலத்து அளவிலேயே நிற்கிறது.

எங்கள் வீட்டிலே இந்த வழக்கு நாள்தோறும் சாப்பாட்டு வேளையில் எடுத்துக்கொள்ளப்படும். எனக்கு வலப்புறத்தில் அம்மா இருப்பார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. இடப்புறத்தில் மகள், பள்ளிக்கூடத்திலே சுகாதாரம் படிக்கிறாள். "மோனை, மெலிஞ்சு போனாய், இன்னும் ஒரு பிட்டு வை" என்று அம்மா தட்டிலே தள்ளுவார். "அப்பா, டொக்ரர் என்ன சொன்னவர்?" என்று மகள் அதை இழுத்தெடுப்பாள். தேங்காய்ப்பாற் சொதி வலப்புறத்திலிருந்து வரும். அவித்த கீரை இடப்புறத்திலிருந்து வரும். இருவரும் என் நன்மைக்காகவே போராடுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. நடுவயது என்பதன் சரியான பொருளை எனக்கு அந்தப் பாய்தான் கற்பித்தது. என் மனைவியோ இவ்வழக்கில் எப்பக்கமும் சாராது சம்பலை மாத்திரம் பரிமாறுவாள்.

சந்தையில் ஐயாவாகவும், அலுவலகத்தில் சேராகவும், பேருந்தில் அங்கிளாகவும் திரிகின்ற என்னை மோனை என்று கூப்பிட இன்று இந்த ஒரு வாய்தான் மிஞ்சியிருக்கிறது. அப்பா போனார், பெரியம்மா போனார், படலையில் நின்று என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கத்திய அயலவர்களில் மூவர் கடல் கடந்து போய்விட்டார்கள். ஒவ்வொருவரும் போகும்போது நம்முடைய ஒரு பெயரையும் கையோடு கொண்டுபோகிறார்கள். நரைக்கு மை உண்டு, கண்ணுக்குக் கண்ணாடி உண்டு. இதற்கு ஒரு கடையும் இல்லை.

அதனாலேதான் போலும், சென்ற மாதம் மகள் ஒரு காரியஞ் செய்தாள். ஒடியற் கூழ் காய்ச்சும் முறையை அப்பாச்சியிடமே கேட்டு எழுதிவைக்க வேண்டுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியும் கையுமாக அடுப்படியில் வந்து இருந்தாள். அம்மாவால் நெடுநேரம் நிற்க இயலாது, கதிரையிலிருந்தபடியே கட்டளையிட்டார். ஒடியல் மாவை நீரில் ஊறப்போட்டுக் கயர்ப்பு நீரை வடித்து ஊற்றவேண்டும். பானையிலே முதலில் அரிசியும் பலாக்கொட்டையும் மரவள்ளியும். அவை வெந்துவரும்போது பயிற்றங்காய். பிறகு நண்டும் இறாலும் மீன்தலையும். செத்தல் மிளகாயை அரைத்துப் புளியோடு கரைத்த பின்பே மாவு. அதற்கும் பிறகு ஒருபிடி முருங்கையிலை. மகள் ஒவ்வொன்றுக்கும், "எத்தனை கிராம், அப்பாச்சி?" என்று கேட்டாள். "காணுமளவு" என்றார் அம்மா. "எவ்வளவு நேரம்?" "வாசம் வருமட்டும்." மகள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

முற்றத்திலே பாய் விரித்துப் பலாவிலையைக் கோலிக்கொண்டு எல்லோரும் சுற்றி இருந்தோம். உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறார், எனக்கும் சொல்லியிருக்கிறார். மகள் அளந்துதான் போட்டிருந்தாள். அம்மா ஒருவாய் குடித்தார். பேத்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, அவள் காதில் விழாதபடி மெல்லச் சொன்னார்: "மோனை, உப்புக் காணாது. போய் எடுத்துக்கொண்டு வா."